டெல்லியில் எந்தப் புகார் யார் வாசலுக்கு? புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டெல்லிக்கு வந்த முதல் மாதத்திலேயே முருங்கைக்காய் எந்த மார்க்கெட்டில் கிடைக்கும், தோசை மாவு யார் அரைத்து விற்கிறார்கள் என்பதையெல்லாம் நம்மவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். தெருவில் கழிவுநீர் பொங்கினால் யாரிடம் சொல்வது என்பது மட்டும் பல வருஷம் இருந்தவர்களுக்கும் பிடிபடுவதில்லை. ஊரில் நகராட்சி ஒன்றுதான். கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டினால் ஏதோ ஒரு பதில் வரும். இங்கே ரோடு ஒருவருடையது, அதற்கு அடியில் ஓடும் குழாய் இன்னொருவருடையது, தலைக்கு மேலே எரியும் விளக்கு வேறொருவருடையது.

எங்கள் தெருவில் அப்படிப் பொங்கியபோது ஒரு அலுவலகத்தில் "இது எங்க வேலை இல்லை" என்று அடுத்த அலுவலகத்தைக் கை காட்டினார்கள். அங்கே போனால் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது பிற்பாடு புரிந்தது: பொங்கியது ஒருவருடைய குழாய், நின்றது இன்னொருவருடைய வாய்க்காலில். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எந்த ஆவணம் வேண்டும், எவ்வளவு செலவு, எத்தனை நாள் ஆகும் என்பதுதான் முக்கியம்.

1. வீடு எந்த எல்லையில் இருக்கிறது என்று பாருங்கள்

டெல்லியில் உள்ளாட்சி மூன்று. பெரும்பகுதி டெல்லி மாநகராட்சி, அதாவது எம்.சி.டி. 12 மண்டலங்கள், 250 வார்டுகள், வார்டுக்கு ஒரு கவுன்சிலர். கரோல் பாக், முனிர்கா, மயூர் விஹார், ஆர்.கே.புரம் எல்லாம் இதில் அடக்கம். இரண்டாவது புது டெல்லி நகராட்சிக் குழு, என்.டி.எம்.சி.: கன்னாட் பிளேஸ், கோல் மார்க்கெட், சரோஜினி நகர் போன்ற பகுதிகள். அங்கே வார்டுத் தேர்தலும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. தலைவரை மத்திய அரசு நியமிக்கிறது. மூன்றாவது ராணுவக் குடியிருப்புப் பகுதிக்கான கன்டோன்மென்ட் போர்டு, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முகவரியில் "நியூ டெல்லி" என்று இருப்பதால் என்.டி.எம்.சி. என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்.கே.புரத்தின் தபால் முகவரி நியூ டெல்லி 110022. ஆனால் உள்ளாட்சி எம்.சி.டி. தபால் துறையின் எல்லை வேறு, நகராட்சியின் எல்லை வேறு. சந்தேகம் இருந்தால் வீட்டுக்காரரிடம் சொத்து வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உங்கள் உள்ளாட்சி. மின்கட்டண பில்லே என்.டி.எம்.சி. பெயரில் வந்தால் யோசிக்கவே வேண்டாம். வார்டு எண்ணையும் இப்போதே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பல காலனிகளில் வாசல் பலகையில் கவுன்சிலர் பெயரோடு அதையும் எழுதி வைத்திருப்பார்கள்.

மத்திய அரசுக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. வீட்டுக்குள் குழாய் ஒழுகினாலும் சுவர் ஊறினாலும் மத்தியப் பொதுப்பணித் துறையின் 'சேவா' தளத்தில் பதிய வேண்டும். நொய்டா, காஜியாபாத், குருகிராமில் வீடு எடுத்திருந்தால் இந்தக் கட்டுரையில் ஓட்டு, தகவல் அறியும் உரிமை (ஆர்.டி.ஐ.) பகுதிகள் மட்டும் ஓரளவு பயன்படும். அவை வேறு மாநிலங்கள்.

2. எது யார் பொறுப்பு

இந்தப் பகுதியைப் படித்து முடித்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

டெல்லிக்குச் சட்டமன்றம் உண்டு, 70 எம்.எல்.ஏ.க்கள் உண்டு, முதல்வர் உண்டு. ஆனால் அரசியல் சாசனத்தின் 239ஏஏ பிரிவின்படி பொது ஒழுங்கு, போலீஸ், நிலம் ஆகிய மூன்றிலும் அந்தச் சட்டமன்றம் சட்டம் போட முடியாது. டெல்லி போலீஸ் மத்திய உள்துறையின் கீழ் வருகிறது. நிலத்தைக் கவனிக்கும் டெல்லி வளர்ச்சி ஆணையம், டி.டி.ஏ., மத்திய அரசினுடையது. ஆகவே திருட்டுப் போனதற்கும் காலி மனையை யாரோ வளைத்துப் போட்டதற்கும் எம்.எல்.ஏ.விடம் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் ஒரு கடிதம் எழுதித் தரலாம், அவ்வளவுதான்.

தெருவுக்கு வருவோம்.

ரோடு: 60 அடியும் அதற்கு மேலும் அகலமான சாலைகள் டெல்லி அரசின் பொதுப்பணித் துறை, பி.டபிள்யூ.டி.யிடம் இருக்கின்றன. அதற்குக் குறைந்த உட்தெருக்கள் எம்.சி.டி.யிடம். தேசிய நெடுஞ்சாலை என்றால் அதற்கென்று தனி ஆணையம். ஒரு குழி மெயின் ரோட்டில் இருக்கிறதா, அதிலிருந்து பிரியும் தெருவின் வாயில் இருக்கிறதா என்பதை வைத்தே அலுவலகம் மாறிவிடும்.

சாக்கடை: எல்லோரும் குழம்பும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கழிப்பறை, சமையலறைத் தண்ணீர் போகும் மூடிய குழாய் டெல்லி ஜல் போர்டுடையது. இங்கே எல்லோரும் 'சீவர்' என்பார்கள். தெரு நடுவிலோ ஓரத்திலோ கனமான வட்ட மூடி போட்டிருக்குமே, அது. மழைத்தண்ணீர் போவதற்குத் தெருவோரம் திறந்தபடியோ கான்கிரீட் பலகை மூடியோ இருக்கும் வாய்க்கால் 'நாலி' அல்லது 'நாலா'. அது எந்தச் சாலையை ஒட்டி ஓடுகிறதோ அந்தச் சாலைக்காரருடையது: உட்தெரு என்றால் எம்.சி.டி., பெரிய சாலை என்றால் பி.டபிள்யூ.டி. நஜஃப்கர் வாய்க்கால் போன்ற பெரியவை டெல்லி அரசின் பாசன, வெள்ளத் தடுப்புத் துறையிடம். மழை இல்லாத நாளில் வட்ட மூடியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், ஜல் போர்டு. மழை நாளில் தெருவோர வாய்க்கால் நிரம்பி நடைபாதையில் ஏறினால் மற்றவர்கள். இரண்டும் சேர்ந்து நடந்தால், அது அடிக்கடி நடக்கிறது, இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். ஒரே புகாரில் இரண்டையும் எழுதினால் அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார்.

தெருவிளக்கு: எம்.சி.டி. பகுதியில் விளக்கு மாநகராட்சியுடையதாக இருந்தாலும் பராமரிப்பு பெரும்பாலும் மின் நிறுவனத்தின் கையில். தெற்கிலும் மேற்கிலும் பி.எஸ்.இ.எஸ். ராஜதானி, கிழக்கிலும் மத்தியிலும் பி.எஸ்.இ.எஸ். யமுனா, வடக்கிலும் வடமேற்கிலும் டாடா பவர். கம்பத்தில் ஆளுயரத்தில் பெயின்டால் ஒரு எண் எழுதியிருக்கும். "எங்க வீட்டுப் பக்கத்து லைட்டு" என்றால் எவருக்கும் புரியாது. அந்த எண்ணைச் சொன்னால் புரியும்.

பூங்காவில் வாசல் பலகையைப் பாருங்கள், டி.டி.ஏ.வா எம்.சி.டி.யா என்று எழுதியிருக்கும். குப்பை எம்.சி.டி. 'ஜுக்கி' எனப்படும் குடிசைக் குடியிருப்பிலுள்ள பொதுக் கழிப்பறை டெல்லி நகர்ப்புறக் குடிசை மேம்பாட்டு வாரியம். பஸ் டெல்லி அரசு. மெட்ரோ மத்திய அரசும் டெல்லி அரசும் பாதிப்பாதி. ஆஸ்பத்திரிகளிலும் இப்படித்தான்: எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மத்திய அரசு, லோக் நாயக், ஜி.டி.பி. டெல்லி அரசு, இந்து ராவ் மாநகராட்சி. என்.டி.எம்.சி. எல்லைக்குள் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்; மின்சாரம், தண்ணீர், சாக்கடை, ரோடு எல்லாமே ஒரே கதவு.

3. முகவரிச் சான்றை முதலில் சரி செய்யுங்கள்

ஓட்டு உட்பட பல வேலைகள் இதில்தான் வந்து நிற்கும்.

டெல்லி வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதைத் தவிர்க்கத்தான் இந்த 11. முத்திரைத் தாளில் அடித்து நோட்டரி முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். பல காரியத்துக்கு அது போதும். வாக்காளர் பட்டியலுக்குப் போதாது. அங்கே பதிவு செய்த ஒப்பந்தம்தான் சான்றாகச் செல்லும்.

சுலபமான வழி, ஆதாரில் டெல்லி முகவரியை ஏற்றிவிடுவது. இணையத்தில் செய்யலாம், கட்டணம் 75 ரூபாய். முகவரிக்கு உங்கள் பெயரில் எந்தச் சான்றும் இல்லை, ஆனால் கணவருக்கோ மனைவிக்கோ பெற்றோருக்கோ அதே முகவரியில் ஆதார் இருக்கிறது என்றால் 'குடும்பத் தலைவர் ஒப்புதல்' என்ற வழியும் உண்டு. ஆதாரில் இருக்கும் கைபேசி எண் உயிரோடு இருக்க வேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ஊரில் விட்டுவந்த பழைய எண் என்றால் ஆதார் மையத்துக்கு நேரில் போவதைத் தவிர வழியில்லை. வங்கிக் கணக்குப் புத்தகத்திலும் முகவரியை மாற்றி வாங்கிவிடுங்கள். அதுவும் சான்றாக ஏற்கப்படுகிறது, செலவும் அதிகம் ஆகாது.

வாடகைக்கு வந்தவரைப் பற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்வது வீட்டுக்காரரின் கடமை. கட்டணம் கிடையாது. தரகர் அதற்கென்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவு செய்ததன் நகலை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது: இனிஷியல். ஆதாரில் "முருகன் எஸ்", பான் கார்டில் அப்பா பெயரையும் சேர்த்து "முருகன் சுப்பிரமணியன்", வங்கியில் "எஸ். முருகன்". இங்கே கவுன்டரில் இருப்பவருக்கு இவர்கள் மூன்று பேர். குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டால் சில படிவங்கள் நகரவே நகராது. ஆதாரில் எந்த வரிசையில் எந்த எழுத்துகளில் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஆதாரிலேயே பெயரை மாற்ற நினைத்தால் ஓட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் மாற்றுங்கள், பின்னால் அல்ல.

4. ஓட்டை இங்கே மாற்றுங்கள்

"ஊர்லதான் ஓட்டு இருக்கே" என்று சொல்பவர்கள் நம்மில் நிறைய. இருக்கட்டும், அது உங்கள் விருப்பம். ஆனால் இரண்டு வருஷத்துக்கு மேல் இங்கே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் மாற்றுவதுதான் சரி என்பேன். தண்ணீர் குடிப்பது இங்கே, பிள்ளை படிப்பது இங்கே. கவுன்சிலர் ஆபீசில் கேட்கும் முதல் கேள்வியும் ஓட்டு எங்கே என்பதுதான். அதுபோக, வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கக் கூடாது. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு.

செய்ய வேண்டியது:

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்துக்கோ செயலிக்கோ போங்கள். ஏற்கெனவே ஓட்டு இருந்து இடம் மட்டும் மாறியிருந்தால் படிவம் 8. இதுவரை எங்குமே பட்டியலில் பெயர் இல்லை என்றால் படிவம் 6. பழைய ஆட்கள் இடம் மாறினாலும் படிவம் 6 என்று சொல்வார்கள். அது 2022 ஆகஸ்டுக்கு முந்தைய நடைமுறை. இப்போது படிவம் 6 புதியவர்களுக்கு மட்டுமே. ஓட்டு இருக்கும்போது அதைப் போட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு ஆகிவிடும் அபாயம் இருக்கிறது.

முகவரிக்கு ஆதார், பாஸ்போர்ட், வங்கி அல்லது தபால் நிலையக் கணக்குப் புத்தகம், குறைந்தது ஒரு வருஷமாக அந்த முகவரிக்கு வரும் தண்ணீர், மின்சார, கேஸ் பில், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றில் ஒன்று போதும். எதுவுமே இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர், பி.எல்.ஓ., நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார். ஹாஸ்டலில் இருக்கும் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், கல்லூரியில் ஒரு சான்று வாங்கி இணையுங்கள்.

கட்டணம் ஒரு பைசா கூட இல்லை. விண்ணப்பித்ததும் ஒரு எண் வரும், அதைப் பத்திரப்படுத்துங்கள். ஆட்சேபம் சொல்ல ஒரு வாரமாவது விட்டு, அதற்குப் பிறகுதான் முடிவெடுப்பார்கள். நடுவில் பி.எல்.ஓ. வந்து மணி அடிப்பார். பகலில் வீட்டில் ஆள் இல்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே தொங்கிவிடும். கீழ்வீட்டுக்காரரிடமும் செக்யூரிட்டியிடமும் "என்னைத் தேடி வந்தால் இந்த நம்பருக்கு போன் போடச் சொல்லுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பி.எல்.ஓ. பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடி ஊழியராகவோ இருப்பார், மரியாதையாகப் பேசினால் நன்றாகவே உதவுவார்கள். அடையாள அட்டை எண் மாறாது. புதிய முகவரியோடு அட்டை தபாலில் வரும். கைபேசியில் இறக்கிக்கொள்ளும் இ-அட்டையும் செல்லும்.

தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது. அதற்கும் சில நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு 18 முடியப் போகிறது என்றால் ஜனவரிவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருஷத்தில் நான்கு தகுதி நாட்கள் உண்டு. பட்டியலுக்கு எங்காவது தீவிரத் திருத்தம் நடக்கும் காலத்தில் படிவமும் ஆவணமும் வேறாக இருக்கும், அப்போது 1950 என்ற எண்ணுக்குப் பேசிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு பதிவு மூன்று தேர்தலுக்கும் வேர்: மக்களவைக்கு டெல்லியில் 7 தொகுதி, சட்டமன்றத்துக்கு 70, மாநகராட்சிக்கு 250. மாநகராட்சித் தேர்தலை நடத்துவது மட்டும் மாநிலத் தேர்தல் ஆணையம்.

5. புகாரைப் பதிவு செய்யுங்கள், எண் இல்லாமல் திரும்பாதீர்கள்

கைபேசியில் ஏற்றிக்கொள்ள வேண்டிய எண்கள்: எம்.சி.டி. 155305, என்.டி.எம்.சி. 1533, ஜல் போர்டு 1916, பி.எஸ்.இ.எஸ். ராஜதானி 19123, யமுனா 19122, டாடா பவர் 19124, போக்குவரத்துப் போலீஸ் 1095. அவசரம் என்றால் 112. எம்.சி.டி.க்கும் என்.டி.எம்.சி.க்கும் '311' என்று முடியும் தனித்தனிச் செயலிகள் உண்டு. முதல் படியில் சொன்ன எல்லை தெரியாமல் தவறான செயலியை இறக்கிவிட்டு, உங்கள் தெரு அதில் வரவில்லை என்று தவிக்காதீர்கள்.

புகாரில் என்ன எழுதுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. வீட்டு எண், காலனியின் எந்தப் பிரிவு ('பாக்கெட்' அல்லது 'பிளாக்' என்பார்கள்), அருகிலுள்ள கடை அல்லது கோயில், கம்பத்தின் எண், எந்தத் தேதியிலிருந்து. ஒரு புகாரில் ஒரே பிரச்சினை. "ஏரியாவே மோசம்" என்றால் யாரும் வரமாட்டார்கள். படம் இரண்டு எடுங்கள்: ஒன்று கிட்டத்தில் பிரச்சினை தெரியும்படி, இன்னொன்று தள்ளி நின்று, இடம் அடையாளம் தெரியும்படி. கிட்டத்தில் எடுத்த படம் மட்டும் இருந்தால், வந்த ஊழியர் பத்தடி தள்ளி இருக்கிற வேறு மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

எந்தத் துறை என்றில்லை, வேலை நடக்காமலே "புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருவதுண்டு. கோபப்பட்டுப் புதுப் புகார் கொடுக்காதீர்கள், அவர்கள் கணக்கில் பழையது தீர்ந்ததாகவே நின்றுவிடும். அன்றைய தேதியில் படம் எடுத்து, அதே எண்ணை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். திறக்க வழி இல்லை என்றால் புதுப் புகாரின் முதல் வரியிலேயே பழைய எண்ணை எழுதுங்கள். பின்னால் மேலே போகும்போது இந்த எண்கள்தான் உங்கள் ஆதாரம்.

போனில் காரியம் ஆகவில்லை என்றால் அந்தப் பகுதியின் ஜூனியர் இன்ஜினியரைப் பாருங்கள். எல்லோரும் 'ஜே.இ.' என்றுதான் சொல்வார்கள். டெல்லி நிர்வாகத்தில் குழியை மூடுவதும் மூடாததும் இவர் கையில். களத்துக்குக் கிளம்பும் முன், காலையில் போங்கள். எழுத்தில் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் 'பெற்றுக்கொண்டோம்' என்று தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஏற்பார்கள். பேசுவதற்கு மட்டும் இந்தி மொழி அரைகுறையாகவாவது வேண்டும். இல்லாவிட்டால் இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் யாரையாவது கூட அழைத்துப் போங்கள். அவர்கள் பேசினால் வெளியூர்க்காரர் என்று அடையாளம் தெரியாது.

அதற்கும் மேலே? டெல்லி அரசுத் துறைகளுக்கு பி.ஜி.எம்.எஸ். என்ற குறைதீர் தளம். டி.டி.ஏ. போன்ற மத்திய அரசு அமைப்புகளுக்கு சி.பி.கிராம்ஸ் என்ற தளம், 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் உத்தரவு, பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. கோர்ட்டில் இருக்கும் விஷயத்தையும் குடும்பத் தகராறையும் அங்கே எடுக்கமாட்டார்கள். மின்சார பில் தகராறு என்றால் நிறுவனத்தின் பதிலுக்குப் பிறகு நுகர்வோர் குறைதீர் மன்றம், அதன் பின் மின் குறைதீர்ப்பாளர். இவை எதற்கும் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

6. நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

பள்ளிப் பாடத்தில் 'பொதுப் பண்டம்' என்று படித்திருப்பீர்கள். தெருவிளக்குதான் வழக்கமான உதாரணம். காசு கொடுத்தவருக்கு மட்டும் வெளிச்சம் என்று அதை நிறுத்த முடியாது. ஒருவர் வெளிச்சத்தில் நடந்ததால் அடுத்தவருக்குக் குறைவதும் இல்லை. அதனால்தான் யாரும் தன் காசில் போட முன்வருவதில்லை, வரி வாங்கி அரசு போடுகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் நாம் இங்கே மூச்சுத் திணறிக் கேட்கும் சுத்தமான காற்றும் இந்த வகைதான்.

புகார் கொடுப்பதும் இதே ஜாதி என்பது என் அனுபவம். அலைவது ஒருவர், சரியானால் பலன் தெரு முழுக்க. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் "யாராவது சொல்லியிருப்பாங்க" என்று இருந்துவிடுகிறார்கள். இருபது வீடு உள்ள தெருவில் ஒருவருமே சொல்லியிருக்கமாட்டார்கள், கேட்டுப் பாருங்கள். இதற்கு மருந்து, வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது: ஒருவர் படம் எடுக்க, ஒருவர் செயலியில் பதிய, வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர் ஜே.இ.யைப் பார்க்க. தெரு வாட்ஸ்அப் குழுவில் புகார் எண்ணைப் போட்டு, மற்றவர்களும் தனித்தனியாகப் பதியட்டும். ஒரு இடத்திலிருந்து பல புகார் வந்தால் பார்வை திரும்பும்.

குடியிருப்போர் நலச் சங்கம், அதாவது ஆர்.டபிள்யூ.ஏ., பெரும்பாலான காலனிகளில் உண்டு. அதிகாரிகள் அதன் லெட்டர்ஹெட்டுக்குக் கொஞ்சம் மதிப்புக் கொடுக்கிறார்கள். ஆனால் பல சங்கங்களில் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை. வாடகைக்காரர்களிடம் மாதச் சந்தா மட்டும் வாங்குவார்கள். விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள், இணை உறுப்பினருக்கு இடம் இருந்தால் சேருங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்காரரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஆர்.டபிள்யூ.ஏ. அரசு அமைப்பு அல்ல, பதிவு செய்த ஒரு சங்கம் மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம். அதன் தலைவர் சொல்வதெல்லாம் சட்டம் இல்லை.

பிரதிநிதிகளிடம் போகும்போது அவரவர் வேலையைக் கேளுங்கள். உட்தெரு, குப்பை, வாய்க்கால் என்றால் கவுன்சிலர். தண்ணீர், சீவர், பெரிய சாலை என்றால் எம்.எல்.ஏ. பூங்காவுக்கு வேலி, நூலகத்துக்குக் கட்டடம் மாதிரி புதிதாக ஏதாவது கட்ட வேண்டும் என்றால் எம்.பி.யிடமும் கேட்கலாம், அவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 5 கோடி ரூபாய். பணம் அவர் கைக்கு வராது, அவர் பரிந்துரைத்தால் மாவட்ட நிர்வாகம் செய்யும். பொதுவாகக் கோரிக்கை வைக்காமல் எந்த இடம், எத்தனை அடி, யாருடைய நிலம் என்று எழுதிக்கொண்டு போனால் அந்தத் தாள் அடுத்த மேசைக்குப் போகும்.

7. பதிலே இல்லையென்றால் ஆர்.டி.ஐ.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. கட்டணம் 10 ரூபாய், நகல் வேண்டுமானால் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. பதில் 30 நாளுக்குள்.

மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளம் வேறு, டெல்லி அரசின் ஆர்.டி.ஐ. இணையதளம் வேறு. டெல்லி அரசுத் துறைக்கான விண்ணப்பத்தை மத்திய தளத்தில் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டணமும் திரும்ப வராது. தாளில் அனுப்புவதானால் போஸ்டல் ஆர்டரை யார் பெயரில் எடுப்பது என்று முதலில் கேட்டுக்கொண்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுங்கள்.

"ஏன் இன்னும் சரி செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். இப்படிக் கேளுங்கள்: இந்தப் புகார் எண்ணின் மீது தேதிவாரியாக எடுத்த நடவடிக்கை, கோப்பு இப்போது எந்தப் பதவியில் இருப்பவரிடம் இருக்கிறது, இந்தத் தெருவுக்குக் கடந்த இரண்டு நிதியாண்டில் கொடுத்த வேலை உத்தரவுகளின் நகல், அந்த வேலைக்கான அளவுப் புத்தகப் (முடித்த வேலையின் அளவைப் பதியும் ஏடு) பக்கங்களின் நகல். கடைசிக் கேள்விக்குத் தனி மவுசு உண்டு. காகிதத்தில் போட்டு முடித்த ரோடு தெருவில் இல்லை என்றால் அங்கேதான் தெரியும். பல இடங்களில் பதில் வருவதற்கு முன்பே ஆள் வந்து வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றுவது அவர்கள் கடமை. பதில் வரவில்லை, அல்லது அரைகுறை என்றால் 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அவருக்கு 30 நாள், அதிகபட்சம் 45. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. டெல்லி யூனியன் பிரதேசம் என்பதால் டெல்லி அரசுத் துறைகளுக்கும் மத்தியத் தகவல் ஆணையம்தான். அங்கே வரிசை நீளம், பொறுமை வேண்டும்.

8. நோட்டீஸ்களைக் கவனியுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் முன் டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்கிறது. எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் நகரத் திட்டமான மாஸ்டர் பிளானில் மாற்றம் செய்யும் முன் டி.டி.ஏ. பொது நோட்டீஸ் விட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். உங்கள் தெருமுனைப் பூங்கா வாகன நிறுத்தமாக மாறப் போவதாகப் பேச்சு அடிபட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த நோட்டீஸ்தான். செய்தித்தாளின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும், அந்தந்த இணையதளத்திலும் இருக்கும். குறித்த தேதிக்குள் ஒரு பக்கக் கடிதம் அல்லது மின்னஞ்சல் போதும்: எந்த நோட்டீஸ், என்ன தேதி, எந்தப் பத்திக்கு ஆட்சேபம், என்ன காரணம். பெயரும் முகவரியும் கட்டாயம். ஒரே கடிதத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதைவிட, பத்துப் பேர் தங்கள் வீட்டு வாசலில் என்ன நடக்கும் என்பதைத் தனித்தனியாக எழுதுவது நல்லது. தேதி தாண்டிப் போன கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை.